சனி, ஞாயிறு, திங்கள்: மூன்று நாள் தில்லித் திட்டம் எங்கே உடைகிறது, எப்படிச் சரிசெய்வது

நான்கு பேர். நாற்பதை ஒட்டிய கணவன் மனைவி, பன்னிரண்டு வயது மகள், முழங்கால் வலியுள்ள அறுபத்தெட்டு வயது அம்மா. வெள்ளி இரவு சென்னையிலிருந்து விமானத்தில் தில்லி, திங்கள் இரவு விமானத்தில் திரும்புகிறார்கள். பார்ப்பதற்கு முழுதாக மூன்று நாள். திங்களன்று அரசு விடுமுறை வரும் நீண்ட வார இறுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து மிக அதிகமாகப் போடப்படும் திட்டம் இந்த வகைதான். அதனால் இதையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும். சனிக்கிழமை குதுப் மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம். ஞாயிறு ஆக்ரா. திங்கள் செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், தேசிய அருங்காட்சியகம், அப்படியே விமான நிலையம். தாளில் பார்த்தால் குறையே தெரியாது. தில்லியில் இறங்கினால் மூன்று நாளும் உடையும்.

திங்கள்தான் முதலில் உடையும். செங்கோட்டைக்கு வார விடுமுறை திங்கள். தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், காந்தி ஸ்மிருதி ஆகியவையும் அன்றைக்கு மூடியிருக்கும். நீண்ட வார இறுதியில் போகிறவர்கள் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைக்கும் இடங்களில் பாதி திங்களன்று பூட்டிக் கிடக்கும் இடங்களே. தாஜ் மகாலுக்கு விடுமுறை வெள்ளி. சாந்தினி சௌக், காரி பாவ்லி மொத்த வியாபாரக் கடைகளுக்கு ஞாயிறு. சரோஜினி நகர், கரோல் பாக், லாஜ்பத் நகர் கடைவீதிகளுக்குத் திங்கள். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, சப்தர்ஜங் கல்லறை, லோதி தோட்டம் ஆகியவை எல்லா நாளும் திறந்திருக்கும். திட்டத்துக்கே அச்சாணி இந்தப் பட்டியல். எந்த இடம் எதற்குப் பக்கம் என்று வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன், எந்த இடம் எந்தக் கிழமையில் திறந்திருக்கும் என்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமையின் குறை வேறு வகை. குதுப் மினார் நகரின் தென்மேற்கில் இருக்கிறது, அக்ஷர்தாம் யமுனைக்குக் கிழக்கே. அக்ஷர்தாமில் கைப்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். விடுமுறை நாளில் ஒப்படைக்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது. 2005இல் திறக்கப்பட்ட கோயில் அது. வரலாற்று நகரம் பார்க்க மூன்றே நாள் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிடலாம் என்பது எங்கள் துணிபு. ஞாயிற்றுக்கிழமை ஆக்ராவைப் பற்றிப் பின்னால் வருகிறது.

எந்த மாதம்

தமிழகப் பள்ளி விடுமுறைகளும் தில்லியின் பருவமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கோடை விடுமுறையில் போனால் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டி, சில நாள் 45ஐத் தொடும். செங்கல்லும் சிவப்புக் கல்லும் பாவிய முற்றங்களில் முற்பகல் 11 மணிக்கு மேல் நிற்க முடியாது. பொங்கல் விடுமுறையில் போனால் மூடுபனி. அதிகாலை விமானங்களும் வட இந்தியாவுக்குள் நுழையும் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். போதாக்குறைக்கு, குடியரசு தின ஒத்திகைக்காகக் கடமைப் பாதையும் (பழைய ராஜ்பத்) அதைச் சுற்றிய சாலைகளும் அடைக்கப்படும். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் பாதுகாப்புக் காரணமாகச் செங்கோட்டைக்குள் விடமாட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு சில வாரங்கள் காற்று மிக மோசம். அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் அந்த வாரங்களை நினைக்கவே வேண்டாம்.

பிள்ளைகளின் படிப்பு கெடாமல் பொருந்துவது காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் மழை விலகியிருக்கும், வானம் தெளிந்திருக்கும். பகலில் புழுக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும், அவ்வளவே. அக்டோபர் 2 அன்று காந்தி நினைவிடமான ராஜ்காட் பக்கம் தலைவர்கள் வருகையால் போக்குவரத்து மாற்றப்படும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். பள்ளிக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குப் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைக்கும் மேலான காலம் வேறில்லை.

எங்கே தங்குவது, எதில் போவது

விமான நிலையத்துக்குப் பக்கம் என்று ஏரோசிட்டியில் அறை எடுத்தால் ஒவ்வொரு நாளும் போகவர இரண்டு மணி நேரம் வீண். புது தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே பஹாட்கஞ்சில் வாடகை குறைவு. ஆனால் சந்து குறுகல், இரவெல்லாம் சத்தம், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற லிஃப்ட் பல விடுதிகளில் கிடையாது. இந்த நால்வருக்குக் கரோல் பாக் பொருந்தும். மெட்ரோ நீலத் தடத்தில் ராஜீவ் சௌக்குக்கு மூன்றே நிறுத்தம். தென்னிந்தியர்கள் பல தலைமுறையாகக் குடியிருந்த பகுதி என்பதால் இட்லி, சாம்பார் சாதத்துக்கு அலைய வேண்டாம்.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ரயில் புது தில்லிக்குக் காலை நேரத்தில் வந்து சேரும். விடுதியில் அறை தருவதோ நண்பகல் 12 மணிக்கு. ஐந்து மணி நேரம் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்தே முதல் நாள் பாழாகும். முன்கூட்டியே பேசி காலை அறைக்கு ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். தில்லியில் பெரிய ரயில் நிலையங்கள் பல. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிற்பது புது தில்லியில், கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனில். சாந்தினி சௌக் பக்கம் இருக்கும் பழைய தில்லி சந்திப்பு வேறு. டிக்கெட்டில் உள்ள பெயரை முழுதாகப் படிக்காமல் ஆட்டோ ஏறித் திரும்பும் ரயிலைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. விமானத்திலும் அப்படியே. டெர்மினல் 1 மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் இருக்கிறது, டெர்மினல் 3 விமான நிலைய விரைவுத் தடத்தில். இரண்டுக்கும் நடுவே நடந்து போக முடியாது.

புது தில்லி ரயில் நிலைய வாசலில் “உங்கள் விடுதி மூடிவிட்டது”, “உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, அதோ அரசு சுற்றுலா அலுவலகம்” என்று வழிமறிப்பார்கள். நிற்காமல் நடக்க வேண்டும். விடுதியின் எண்ணை அழைத்துப் பேசினால் உண்மை தெரிந்துவிடும்.

மெட்ரோவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு நாள் அட்டை 200 ரூபாய்க்கும் மூன்று நாள் அட்டை 500 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டிலும் 50 ரூபாய் திரும்பக் கிடைக்கும் முன்பணம். ஆக ஒரு நாளுக்கு 150 ரூபாய் விழுகிறது. 2025 ஆகஸ்டில் உயர்த்திய பிறகும் சாதாரணக் கட்டணம் 11இல் தொடங்கி 64இல் முடிகிறது. ஐந்து முதல் பன்னிரண்டு கி.மீ. தூரத்துக்கு 32 ரூபாய். இந்த நால்வரும் ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் ஏறப் போவதில்லை, ஆளுக்கு 64 ரூபாயில் முடிந்துவிடும். எனவே சுற்றுலா அட்டை நட்டம். சாதாரண ஸ்மார்ட் கார்டு வாங்கினால் ஒவ்வொரு பயணத்திலும் 10 சதவீதம் கழிவு கிடைக்கும், டிக்கெட் வரிசையும் மிச்சம். ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒன்றை நான்கு பேர் தேய்க்க முடியாது.

நிலையத்தின் பெயரை நம்பி இறங்குவதில் இன்னொரு பொறி இருக்கிறது. லால் கிலா (செங்கோட்டை), ஜாமா மஸ்ஜித் (ஜும்மா மசூதி) நிலையங்கள் பெயருக்கேற்ப அந்தந்த இடத்தருகிலேயே இருக்கின்றன. குதுப் மினார் நிலையத்திலிருந்து குதுப் மினாருக்கோ ஆட்டோ பிடிக்க வேண்டும். ஹவுஸ் காஸ் நிலையத்துக்கும் அதே பெயருள்ள ஏரிக்கரைக்கும் இடையில் உள்ளதும் நடக்கும் தூரமில்லை.

சனி: ஷாஜகானின் நகரம்

செங்கோட்டை திறந்திருந்து சாந்தினி சௌக் கடைகளும் திறந்திருக்கும் நாள் இந்த மூன்றில் சனி மட்டுமே. ஆகவே இதை எதற்காகவும் மாற்றக் கூடாது.

காலை 8.15க்குக் கரோல் பாக்கில் ஏறி, கூட்டம் நெருக்கும் ராஜீவ் சௌக்கில் இறங்காமல், மண்டி ஹவுஸ் வரை போய் ஊதாத் தடத்துக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் லால் கிலா. கோட்டை 9.30க்குத் திறக்கும். இணையத்தில் டிக்கெட் எடுத்து, 9.15க்கு லாகூரி வாயில் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். 11 மணிக்கு வருகிறவர்கள் இதே வரிசையில் வெயிலில் நெடுநேரம் நிற்பார்கள்.

செங்கோட்டைக்குள் போனவர்களில் பலர், “இவ்வளவுதானா” என்று திரும்புவார்கள். காரணம் தெரிந்து போனால் அந்த ஏமாற்றம் வராது. ஷாஜகான் 1638இல் தொடங்கி 1648இல் முடித்த அரண்மனை இது. 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனார். 1857 எழுச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் உள்ளிருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைக் கொட்டடிகளைக் கட்டினார்கள். இன்று புல்வெளிகளின் நடுவே தனித்தனியாக நிற்கும் பளிங்கு மண்டபங்கள், இடைப்பட்ட கட்டடங்களை இழந்தவை. பொதுச் சபை மண்டபமான திவான்-இ-ஆமிலிருந்து தனிச் சபை மண்டபமான திவான்-இ-காஸுக்கு நடக்கும்போது அந்த வெற்றிடத்தையே பார்க்க வேண்டும்.

அந்தக் கொட்டடிகளில் இப்போது அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 2019இல் திறந்த நேதாஜி, இந்திய தேசிய ராணுவ அருங்காட்சியகத்தைத் தமிழர்கள் தவறவிடக் கூடாது. மலாயா, சிங்கப்பூர், பர்மாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணி படைப்பிரிவின் தலைவி லட்சுமி சென்னையில் பிறந்தவர். 1858இல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாஃபரை விசாரித்ததும், 1945இல் அந்தப் படையின் அதிகாரிகளை விசாரித்ததும் இதே கோட்டைக்குள்தான். 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு இங்கே கொடியேற்றியது ஏன் இந்த இடத்தில் என்று மகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மண்டபங்களுக்கு ஒரு மணி, அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி, உள்ளே நடக்க அரை மணி. 12 மணிக்கு வெளியே வந்துவிடலாம்.

உடனே ஜும்மா மசூதிக்குப் போவதுதான் இங்கே வழக்கமான தவறு. நண்பகல் தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடமாட்டார்கள், படியில் காத்திருக்க நேரும். அதற்குள் சாந்தினி சௌக்கைப் பார்த்துவிட வேண்டும். கோட்டைக்கு எதிரிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை ஒன்றே கால் கி.மீ. சொச்சம். பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை, அம்மாவுக்கு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசி, “மொத்தமா, ஆளுக்கா” என்று தெளிவாகக் கேட்க வேண்டும். தகராறு எப்போதும் அந்த ஒரு சொல்லில்தான் வரும். வழியில் சீஸ் கஞ்ச் குருத்வாரா. 1675இல் சீக்கிய குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடம். தலையை மூடிக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு போக வேண்டும். லங்கர் என்ற இலவச உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. கடைசியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடி தும்மலையும் இருமலையும் கிளப்பும், கைக்குட்டை கையில் இருக்கட்டும்.

அங்கிருந்து ரிக்‌ஷாவில் 2 மணிக்கு ஜும்மா மசூதி. அடுத்த தொழுகைக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். இங்கே வாயிலைத் தேர்ந்து நுழைவது முக்கியம். கிழக்கு வாயிலுக்கு 35 படி, வடக்கே 39, தெற்கே 33. எல்லாமே அகலமான, உயரமான படிகள். அம்மாவால் ஏற முடிந்தால் தெற்கு வாயில். நுழைவு இலவசம், கேமராவுக்கும் கைப்பேசிக்கும் கட்டணம் கேட்பார்கள். செருப்பைக் கழற்றியதும் கல் முற்றம் சுடும், தடித்த காலுறை ஆளுக்கொரு ஜோடி பையில் இருந்தால் போதும். 3.15க்கு இறங்கி, ஜாமா மஸ்ஜித் நிலையத்தில் மெட்ரோ. மாலையில் வேறெதையும் சேர்க்க வேண்டாம். காலையிலிருந்து நடந்ததும் நின்றதும் அம்மாவின் முழங்காலுக்குத் தெரியும்.

ஞாயிறு

திங்களன்று மூடும் அருங்காட்சியகங்களை இன்று முடிக்க வேண்டும். மாலையில் இந்தியா கேட்டில் ஊரே கூடும், அதனால் காலை 8 மணிக்கே போய்விடலாம். 1931இல் திறந்த 42 மீட்டர் வளைவு. அங்கிருந்து கடமைப் பாதை வழியே 10 மணிக்குத் தேசிய அருங்காட்சியகம். அதில் எல்லாக் கூடங்களையும் பார்க்க முயல்வது வீண் உழைப்பு. தரைத்தள ஹரப்பா கூடத்தில் மொகஞ்சதாரோ நடன மங்கை, பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ள வெண்கலப் பெண். எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருப்பதால் பலர் கவனிக்காமலே கடந்துபோவார்கள். அடுத்து வெண்கலக் கூடத்தின் சோழர் காலத் திருமேனிகள். கோயிலில் பட்டும் மாலையும் மூடியே பார்த்துப் பழகிய நமக்கு, நடராசரின் விலாவும் முதுகும் இடுப்பு வளைவும் முழுதாகத் தெரிவது இங்கேதான். பின்பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் போதும்.

சாப்பிட்டு இளைப்பாறிய பிறகு காந்தி ஸ்மிருதி. காந்தி கடைசி 144 நாட்கள் தங்கி, 1948 ஜனவரி 30 மாலை சுடப்பட்ட வீடு. அறையிலிருந்து தோட்டம் வரை அவருடைய கடைசி அடிகளைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் 3.30க்குள் போய்ச் சேர வேண்டும்.

குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்க்க விரும்புவோர் இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டை எண்களையும் தந்திருக்க வேண்டும். வாசலில் போய்க் கேட்டு உள்ளே போக வழியில்லை.

திங்கள்: பெட்டியோடு தெற்கே

கடைசி நாளில் கவனிக்க வேண்டியது பெட்டிகள். விடுதியில் வைத்துவிட்டுப் போனால், மாலை நெரிசலில் தெற்கிலிருந்து கரோல் பாக்குக்குத் திரும்பி, மறுபடி விமான நிலையம் போக வேண்டும். இதற்கே இரண்டு, இரண்டரை மணி நேரம் கரையும். ஆகவே இன்று மட்டும் மெட்ரோ வேண்டாம். எட்டு மணி நேரம், 80 கி.மீ. என்ற கணக்கில் வாடகைக் கார் எடுத்து, பெட்டிகளை டிக்கியில் போட்டு, ஒவ்வொரு இடமும் விமான நிலையத்தை நோக்கி நெருங்கும்படி போக வேண்டும். ரூஃப் கேரியரில் கட்டும் வண்டி கூடாது, பூட்டிய டிக்கி அவசியம். நால்வருக்கும் நான்கு பெட்டிக்கும் ஏழு பேர் வண்டி சரியாக இருக்கும். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியில் பாதியை அடைத்துக்கொள்ளும் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணியைத் தாண்டினால் கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

காலை 9.30க்கு அறையைக் காலி செய்து, 10க்கு ஹுமாயூன் கல்லறை. 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தோட்டத்தின் நடுவே கல்லறை வைக்கும் முறை இந்தியாவில் இவ்வளவு பெரிதாக எழுந்தது இங்கேதான், தாஜ் மகாலுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு முன்னால். நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கானின் எண்கோணக் கல்லறை, 1547. கூட்டம் நேரே பெரிய கல்லறைக்கு ஓடும், இதை முதலில் பாருங்கள். பெரிய கல்லறையின் மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் முழங்காலைச் சோதிக்கும் உயரம். அம்மா கீழே தோட்டத்திலேயே இருக்கலாம், கட்டடத்தின் முழு வடிவம் தெரிவது அங்கிருந்துதான். அதன் பிறகு லோதி தோட்டத்தில் ஒரு மணி நேரம், நிழலும் பெஞ்சும் உண்டு. மதியச் சாப்பாடு.

2.45க்குக் குதுப் மினார். மூன்று நாளில் பெரியவர்களுக்கு மிக எளிதான வளாகம் இது, பெரும்பாலும் சமதளம். சாய்வெயிலில் சிவப்புக் கல்லின் எழுத்து வரிகள் எழும்பித் தெரியும். ஏறத்தாழ 73 மீட்டர் உயரம், 379 படி. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே நெரிசலில் 45 பேர் இறந்த பிறகு மேலே ஏற அனுமதியில்லை. ஏறலாம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. மினாரை ஒட்டிய மசூதி முற்றத்தின் தூண்களில் சங்கிலி மணிகளும் பூர்ண கும்பமும் செதுக்கியிருக்கும். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. நடுவே 7.2 மீட்டர் இரும்புத் தூண், ஆறு டன்னுக்கு மேல், இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது. அது துருப்பிடிக்காததற்கு இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் உருவாக்கும் மெல்லிய காப்புப் படலமே காரணம் என்று விளக்கியவர் ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம்.

குதுப், ஹுமாயூன் கல்லறை இரண்டுக்கும் இந்தியருக்கு வாயிலில் 40 ரூபாய், இணையத்தில் 35. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு இலவசம், மகளின் வயதுச் சான்று கையில் இருக்கட்டும். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் இதே கட்டணம், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் வெளிநாட்டவர் கட்டணமான 600 ரூபாய் தர வேண்டியிருக்கும், இணையத்தில் 550.

ஆக்ராவை எங்கே வைப்பது

இந்த மூன்று நாளுக்குள் இடமில்லை. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலை 8.10க்குப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஆக்ராவுக்கு 188 கி.மீ. தூரத்தை நூறு நிமிடத்தில் கடக்கும், திரும்ப நிஜாமுதீன் சேர மாலை 7.30 ஆகும். ஒரு முழு நாள் போய்விடும். ஞாயிறன்று போனால் தாஜில் வாரத்தின் உச்சக் கூட்டம், கூடவே தில்லியின் அருங்காட்சியகங்களும் கைவிட்டுப் போகும். திங்களன்று போய் அன்றிரவே விமானம் என்றால் ஒரு ரயில் தாமதம் எல்லாவற்றையும் கவிழ்க்கும். திரும்பும் விமானத்தைச் செவ்வாய் இரவுக்குத் தள்ள முடிந்தால் மட்டும் திங்கள் ஆக்ரா, செவ்வாய் குதுப்பும் ஹுமாயூனும். தாஜ் மகாலுக்கு இந்தியருக்கு 50 ரூபாய், கல்லறை மேடைக்கு மேலும் 200. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்கே செல்லும்.

திங்கள் இரவே திரும்புகிறவர்கள் குதுப்பிலிருந்து 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். மெஹ்ரௌலி, மஹிபால்பூர் வழி டெர்மினல் 3 சுமார் 15 கி.மீ. அந்தச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் நகராது, ஐந்து மணிக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். 9.30க்குத் தொடங்கிய ஓட்டுநரின் எட்டு மணி நேரத்தைத் தாண்டுவது கால் மணி நேரமே.